கார்த்திகை முதல் ஆதிரை வரை

நுழையும்முன்

விண்மீன்களுக்கும் பிறப்பு உண்டு, இளமை உண்டு, முதுமையும் இறப்பும் உண்டு. நாள்காட்டியில் நாம் அன்றாடம் காணும் நட்சத்திரப் பெயர்களுக்குப் பின்னே விண்மீன்களின் வாழ்க்கை வரலாறே அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றை அறியப் பெரிதும் உதவிய எண் ஒன்றைக் கண்டறிந்தவர் சென்னையில் பயின்ற இளைஞர். அவ்வரலாற்றின் மற்றோர் அத்தியாயம் தேனி மாவட்டத்து மலையொன்றுடன் தொடர்புடையது. இவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளத்தாக்கின் கீழ்வானம்

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே வருசநாட்டு மலையும் மேகமலையும் அரணாக நிற்க, இடையே முல்லைப் பெரியாற்றின் பாசனத்தால் செழித்திருப்பது கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர் முதல் சின்னமனூர் வரை நெல் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் பரந்து கிடக்கின்றன. கார்த்திகைத் திங்களில் மழை ஓய்ந்து வானம் தெளிந்த மாலைப்பொழுதில், மேகமலையின் விளிம்பை நோக்கினால், சிறு கொத்தாக மினுக்கும் விண்மீன்கள் சில மேலெழுவதைக் காணலாம். அவையே கார்த்திகை விண்மீன்கள். அவற்றைத் தொடர்ந்து செம்மஞ்சள் நிறத்தில் உரோகிணி எழும். பின்னர் மங்கலான மிருகசீரிடமும், அதனையடுத்துச் செந்நிறத் திருவாதிரையும் எழும்.

இந்நான்கும் நாள்காட்டியில் வரிசையாக அமைந்த நட்சத்திரங்கள். கார்த்திகைத் தீபத்தன்று முழுநிலவு கார்த்திகைக் கூட்டத்தின் அருகிலும், மார்கழித் திருவாதிரையன்று ஆதிரையின் அருகிலும் நிற்பதைக் கண்டே நம் முன்னோர் அத்திங்களின் விழாக்களை வகுத்தனர். இன்றைய வானியல் இவ்வரிசைக்கு மற்றொரு பொருளையும் சேர்த்துள்ளது. கார்த்திகை என்பது இளம் விண்மீன்களின் கூட்டம். உரோகிணி முதுமையில் பருத்த விண்மீன். திருவாதிரை இறப்பை நெருங்கிக்கொண்டிருக்கும் பெருவிண்மீன்.

முகிலில் பிறக்கும் விண்மீன்

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி முற்றிலும் வெறுமையானது அன்று. ஆங்காங்கே வளிமமும் நுண்தூசியும் திரண்டு பெருமுகில்களாக மிதக்கின்றன. இவை மிகக் குளிர்ந்தவை. சில முகில்களின் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். இம்முகிலின் ஒரு பகுதி சற்று அடர்த்தியாகும்போது, அதன் ஈர்ப்பு விசை சுற்றியுள்ள பொருளை உள்ளிழுக்கத் தொடங்குகிறது. பொருள் சேரச் சேர ஈர்ப்பு வலுக்கிறது. நடுப்பகுதி நெருக்குண்டு சூடாகிறது. நடுப்பகுதியின் வெப்பநிலை ஒரு கோடி டிகிரி அளவை எட்டும்போது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக மாறத் தொடங்குகின்றன. அணுக்கரு இணைவில் வெளிப்படும் இவ்வாற்றலே விண்மீனின் ஒளி.

பிறக்கும் விண்மீனைத் தூசிப்படலம் மூடியிருப்பதால் கண்ணுக்குப் புலப்படும் ஒளி வெளியே வருவதில்லை. ஆயினும் வெப்பக்கதிராகிய அகச்சிவப்புக் கதிர் அத்திரையை ஊடுருவி வரும். எனவே, இளம் விண்மீன்களை ஆராய்வோர் அகச்சிவப்புக் கருவிகளையே பெரிதும் நம்பியுள்ளனர். மிருகசீரிடமும் திருவாதிரையும் இடம்பெற்றுள்ள ஓரியன் விண்மீன்குழுவில், நேர்கோட்டில் நிற்கும் மூன்று விண்மீன்களுக்குச் சற்றுக் கீழே வெண்புகைபோல் ஒரு திட்டுத் தெரியும். அதுவே ஓரியன் விண்முகில். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதனுள் இன்றும் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன.

கார்த்திகைக் கூட்டத்தின் அகவை ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். வெறுங்கண்ணுக்கு ஆறேழு விண்மீன்களே தெரியினும், தொலைநோக்கி வழியே நூற்றுக்கணக்கில் காணலாம். அக்கூட்டம் ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்று நாம் காணும் கார்த்திகையின் ஒளி, மதுரையை நாயக்கர்கள் ஆண்ட காலத்தில் புறப்பட்டது.

நிறையே ஆயுளை வகுக்கும்

இங்கு ஓர் ஐயம் எழலாம். இளமையானது என்று கூறப்படும் கார்த்திகைக்கு அகவை 10 கோடி ஆண்டுகள். முதுமையடைந்தது எனப்படும் திருவாதிரைக்கோ ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளே. பத்தில் ஒரு பங்கு அகவையுடையது முதியதாவது எங்ஙனம்?

விண்மீனின் முதுமையை ஆண்டுக்கணக்கால் அளக்க இயலாது. அதன் நிறையைக் கொண்டே அளக்க வேண்டும். நிறை மிகுந்த விண்மீனிடம் எரிபொருள் மிகுதி. எனினும், ஈர்ப்பின் நெருக்குதலைத் தாங்கி நிற்க அவ்வெரிபொருளை அது பன்மடங்கு விரைவாகச் செலவிட வேண்டியுள்ளது. அளவோடு எரியும் அகல்விளக்கு விடியும்வரை ஒளிர, ஓங்கி எரியும் தீப்பந்தம் விரைவில் அவிந்துவிடுவதைப் போன்றது இது. நம் சூரியனின் மொத்த ஆயுள் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள். அதில் 460 கோடி ஆண்டுகள் கழிந்துள்ளன. சூரியனைப்போல் 25 மடங்கு நிறையுடைய விண்மீனோ சில பத்து இலட்சம் ஆண்டுகளிலேயே தன் எரிபொருளைத் தீர்த்துவிடுகிறது.

உரோகிணியின் நிறை சூரியனின் நிறையைவிடச் சற்றே கூடுதல். நடுப்பகுதியில் ஹைட்ரஜன் தீர்ந்ததால் அது சூரியனைப்போல் 40 மடங்குக்கு மேல் பருத்துச் செம்மஞ்சள் நிறம் பெற்றுள்ளது. சூரியனின் எதிர்காலத்தை அதில் காண்கிறோம். திருவாதிரையோ இன்னும் பெரிது. அதனைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால், பூமியையும் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும்.

கப்பலில் பிறந்த எண்

சூரியனைப் போன்ற விண்மீன், தன் இறுதியில் வெளிப்புறப் படலங்களை உதிர்த்துவிட்டு, பூமியின் அளவேயுள்ள சிறிய, மிக அடர்ந்த பொருளாக எஞ்சுகிறது. இதனை வெண்குறுமீன் என்பர். அதனுள் இணைவு நிகழ்வதில்லை. நெருக்கமாக அடைபட்ட எலக்ட்ரான்களின் எதிர்ப்பே ஈர்ப்பைத் தாங்கி நிற்கிறது. எல்லா விண்மீன்களும் இவ்வாறே அமைதியாக முடியும் என்று 1930ஆம் ஆண்டுவரை அறிஞர்கள் கருதினர்.

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், அவ்வாண்டு தமது பத்தொன்பதாம் வயதில் மேற்படிப்பிற்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பயணத்தின்போது அவர் வெண்குறுமீன்களைப் பற்றிக் கணக்கிட்டுப் பார்த்தார். அடர்த்தி மிகும்போது எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி விரையும். ஆகவே ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவர் உணர்ந்தார். அவ்வாறு சேர்த்தபோது வியப்பான முடிவு கிடைத்தது. ஓர் எல்லைக்கு மேற்பட்ட நிறையை எலக்ட்ரான்களின் எதிர்ப்பால் தாங்க இயலாது. சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பதே அவ்வெல்லை. இன்று அது 'சந்திரசேகர் எல்லை' எனப்படுகிறது.

எல்லையைக் கடந்தது என்னவாகும்? ஈர்ப்பால் நெருக்குண்டு ஒடுங்கிக்கொண்டே செல்லும் என்பதுதான் கணக்கின் விடை. 1935 ஜனவரி 11 அன்று இலண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் சந்திரசேகர் இம்முடிவை எடுத்துரைத்தார். அவரை அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன், இத்தகைய பொருந்தா நிகழ்வை இயற்கை அனுமதிக்காது என்று கூறி அம்முடிவை எள்ளி நகையாடினார். எடிங்டன் அக்காலத்தின் புகழ்மிக்க வானியலாளர். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியவர். அவரை அவையில் மறுத்துரைக்க ஒருவரும் முன்வரவில்லை.

சந்திரசேகர் கசப்பை வளர்த்துக்கொள்ளவில்லை. தம் ஆய்வை 1939இல் நூலாக எழுதி வைத்துவிட்டு, வானியற்பியலின் வேறு துறைகளுக்குச் சென்றார். காலப்போக்கில் சான்றுகள் சேர்ந்தன, கணக்கே வென்றது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பிற்காலத்தில் எடிங்டனைப் பற்றி உரையாற்றியபோது, அவரைத் தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்றே சந்திரசேகர் போற்றினார். கருத்தை மறுப்பதும் மனிதரை மதிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

இறப்பு தரும் கொடை

நிறைமிக்க விண்மீனின் நடுப்பகுதியில் ஹைட்ரஜன் தீர்ந்தபின் ஹீலியம் எரிகிறது. அதன்பின் கார்பன், நியான், ஆக்சிஜன், சிலிக்கன் என அடுத்தடுத்து எரிகின்றன. ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிடக் குறுகியது. சூரியனைப்போல் 25 மடங்கு நிறையுடைய விண்மீனில் கார்பன் எரியும் காலம் சில நூறு ஆண்டுகள். சிலிக்கன் எரியும் காலம் ஏறத்தாழ ஒரு நாள். அதன் முடிவில் எஞ்சுவது இரும்பு. இரும்பு அணுக்கருக்களை இணைத்தால் ஆற்றல் கிடைப்பதில்லை. அடுப்பு அணைந்துவிடுகிறது, ஆனால், ஈர்ப்பு ஓய்வதில்லை.

இரும்பாலான நடுப்பகுதியின் நிறை சந்திரசேகர் எல்லையை நெருங்கியதும், அது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் சரிந்து விழுகிறது. சரிவின் ஆற்றல் விண்மீனின் வெளிப்பகுதியைச் சிதறடிக்கிறது. இதுவே மீயொளிர் விண்மீன் வெடிப்பு. சூப்பர்நோவா என்றும் வழங்குவர். சில வாரங்களுக்கு அவ்வொரு விண்மீன் கோடிக்கணக்கான விண்மீன்களுக்கு நிகராக ஒளிரும். நடுவே நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ எஞ்சும். வெண்குறுமீன் ஒன்று அருகிலுள்ள துணை விண்மீனிடமிருந்து பொருளைக் கவர்ந்து இவ்வெல்லையை நெருங்கினாலும் வெடிக்கக்கூடும். அவ்வகை வெடிப்பில் விண்மீன் முழுமையாகச் சிதறுகிறது.

இரும்பு முதலிய தனிமங்கள் வெளியில் பரவுவது இத்தகைய வெடிப்புகளால்தான். நம் குருதியின் சிவப்புக்குக் காரணமான இரும்பும், எலும்பின் கால்சியமும், மூச்சில் கலக்கும் ஆக்சிஜனும் சூரியன் பிறப்பதற்கு முன்பே மடிந்த விண்மீன்கள் தந்தவை. பள்ளத்தாக்கின் செம்மண்ணுக்கு நிறம் தருவதும் அதே இரும்புதான். விண்மீன்களுக்குள் தனிமங்கள் உருவாகும் முறையை ஆராய்ந்த வில்லியம் ஃபௌலர், 1983ஆம் ஆண்டின் நோபல் பரிசைச் சந்திரசேகருடன் பகிர்ந்துகொண்டார்.

தெரிந்து தெளிவோம்

சோழப் பேரரசு ஓங்கியிருந்த 1054ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இடப விண்மீன்குழுவில் புதிய விண்மீன் தோன்றியதைச் சீன வானியலாளர்கள் பதிவு செய்துள்ளனர். அது 23 நாள்கள் பகலிலும் தெரிந்தது; ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இரவு வானில் நீடித்தது. அவ்வெடிப்பின் எச்சமே இன்று நண்டு விண்முகில் எனப்படுகிறது. அதன் நடுவேயுள்ள நியூட்ரான் விண்மீன் நொடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழல்கிறது.

மலைமேல் ஒரு கண்

விண்ணை நோக்குவோர் மலைகளை நாடுவது இயல்பு. பள்ளத்தாக்கின் வடக்கே, பெரியகுளத்தை அடுத்து எழும் பழனிமலைத் தொடரின் உச்சியில், கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனாகிய சூரியனை அது நூறாண்டுகளுக்கும் மேலாகப் படம்பிடித்து வருகிறது. அதன் இயக்குநராக 1960இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு, இரவு வானை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகச் சவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கு 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரையே தாங்கியுள்ளது.

மறு ஆண்டே பெருநிகழ்வு ஒன்று வாய்த்தது. 1987 பிப்ரவரியில், 1,68,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பெரிய மெகல்லன் முகிலில் ஒரு விண்மீன் வெடித்தது. அது தென்வானின் கோடியில் இருந்ததால், காவலூரில் தொடுவானத்துக்கு மேல் சிறிதளவே எழுந்தது. அந்நிலையிலும் அதன் நிறமாலையை நம் வானியலாளர்கள் பதிவு செய்தனர். நிறமாலை என்பது விண்மீனின் ஒளியைப் பகுத்து, அதிலுள்ள தனிமங்களையும் அவை விரையும் வேகத்தையும் காட்டும் பதிவு.

இத்துறையில் தொடர்ந்து உழைத்தவருள் ஒருவர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜி. சி. அனுபமா. மீயொளிர் விண்மீன்களின் ஒளி ஏறி இறங்கும் போக்கையும் நிறமாலை மாற்றங்களையும் ஆராய்ந்தவர் இவர். இலடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில் 4,500 மீட்டர் உயரத்தில் இமாலய சந்திரா தொலைநோக்கியை அமைத்த குழுவிலும் பங்காற்றினார். இந்திய வானியல் கழகத்தின் தலைவரான முதல் பெண்மணியும் இவரே. அத்தொலைநோக்கியைப் பெங்களூரை அடுத்த ஹோசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பின் வழியே இயக்குகின்றனர்.

மலைக்குள் ஒரு கண்

வெடிக்கும் விண்மீன் அனுப்பும் தூதுகளில் ஒளி சிறுபங்கே. சரிவின்போது வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 99 விழுக்காட்டை நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் சுமந்து செல்கின்றன. மின்னூட்டம் அற்ற இவை எப்பொருளோடும் எளிதில் வினைபுரிவதில்லை. பூமியையே ஊடுருவிச் செல்பவை.

1987 பிப்ரவரி 23 அன்று, இந்திய நேரப்படி பிற்பகல் 1 மணி 5 நிமிட அளவில், அவ்வெடிப்பின் நியூட்ரினோக்கள் பூமியை அடைந்தன. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியாகவும் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்டவை கடந்தன. வயலில் நின்றவரையும் வகுப்பில் இருந்தவரையும் அவை ஊடுருவிச் சென்றன, ஒருவரும் உணரவில்லை. ஜப்பான், அமெரிக்கா, சோவியத் நாடு ஆகியவற்றில் நிலத்தடியில் இருந்த கருவிகள் மட்டும் முறையே 11, 8, 5 துகள்களைப் பதிவு செய்தன. வெடிப்பின் ஒளி முதன்முதலில் படத்தில் பதிவானது அதன்பின் ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்துத்தான். விண்மீனின் நடுப்பகுதி சரிகிறது என்னும் கோட்பாட்டுக்கு, எண்ணிவிடக்கூடிய இச்சில துகள்களே நேரடிச் சான்றாயின.

இக்கருவிகளை நிலத்தடியில் அமைப்பதற்குக் காரணம் உண்டு. விண்வெளியிலிருந்து அண்டக்கதிர்கள் ஓயாது பொழிகின்றன. மீயொளிர் வெடிப்புகளின் எச்சங்களே அவற்றுக்கு முக்கிய ஊற்றுகள் எனக் கருதப்படுகிறது. அவை காற்றுமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் பிற துகள்களின் இரைச்சலில் நியூட்ரினோவின் மெல்லிய குரல் அமுங்கிவிடும். பாறை அவ்விரைச்சலை வடிகட்டும் சல்லடையாகிறது. அம்மோதலில் நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. அவற்றை 1965இல் உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த ஆய்வுகளுள் ஒன்று, தமிழர் பெருந்திரளாக உழைத்த கோலார் தங்கவயலின் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் நிகழ்ந்தது.

அம்மரபின் தொடர்ச்சியாகவே, தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகே போடி மேற்கு மலையில் இந்திய நியூட்ரினோ ஆய்வகம் திட்டமிடப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதையின் முடிவில், ஏறத்தாழ 50,000 டன் காந்தமூட்டிய இரும்பாலான கருவியை அமைத்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை ஆராய்வது அதன் நோக்கம். 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்தது.

ஆயினும், மலையைக் குடைவதால் நீரூற்றுகளுக்கும் பாறை அடுக்குகளுக்கும் தீங்கு நேருமோ என்ற கவலை மக்களிடம் எழுந்தது. அருகிலுள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவும், பெரியாறு காட்டுடன் அதனை இணைக்கும் புலிகளின் வழித்தடமும் பாதிக்கப்படும் எனச் சூழலியலாளர் வாதிட்டனர். 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் ஒன்றிய அரசு மீண்டும் அனுமதி வழங்கியது. 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. மலையைக் குடையும் பணி தொடங்கப்படவில்லை. 85 டன் எடையுள்ள சிறு மாதிரிக்கருவி மதுரையில் அமைக்கப்பட்டுள்ளது.

இவ்வழக்கில் இருதரப்பும் முன்வைப்பவை மெய்யான மதிப்புகள். பேரண்டத்தை அறியும் வேட்கையும், ஆறு பிறக்கும் காட்டைக் காக்கும் கடமையும் ஒருசேர நம்முடையவை. நியூட்ரினோ கதிர்வீச்சால் தீங்கு விளைவிக்கும் என்ற அச்சத்துக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை; அவை இப்பொழுதும் நம்மைக் கடந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் காடும் நீரும் பற்றிய வினா வேறு; அதற்கு அளவிட்டு ஆராய்ந்த விடையே வேண்டும். எதனை அஞ்ச வேண்டும், எதனை அஞ்ச வேண்டியதில்லை என்று பிரித்தறியும் ஆற்றல், பொதுமக்களுக்கும் ஆய்வாளருக்கும் ஆட்சியாளருக்கும் ஒருங்கே தேவை.

காத்திருக்கும் ஆதிரை

நம் விண்மீன் மண்டலத்தில் வெறுங்கண்ணால் காணத்தக்க மீயொளிர் வெடிப்பு இறுதியாகத் தெரிந்தது 1604இல். அடுத்தது எது என்பதை எவரும் அறியார். 2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை திடீரென மங்கியபோது உலகமே அதனை உற்றுநோக்கியது. அது உமிழ்ந்த தூசியே தன்னை மறைத்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அடுத்த ஓர் இலட்சம் ஆண்டுகளுக்குள் அது வெடிக்கும் என்பர். வெடித்தால் பகலிலும் தெரியும். இரவில் பாதிநிலவுபோல் ஒளிரும். அத்தொலைவால் பூமிக்குத் தீங்கு நேராது. ஒளிக்கு முன்னரே நியூட்ரினோக்கள் வந்து செய்தி சொல்லும்.

அச்செய்தியைப் படிக்கக் கருவிகள் வேண்டும். கருவிகளினும் முதன்மையாகக் கணக்கிடும் அறிவும், கணக்கின் முடிவை நம்பி நிற்கும் துணிவும் வேண்டும். பத்தொன்பது வயதில் ஒரு மாணவரிடம் அவை இருந்தன. பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் உங்கள் அகவைக்கும் அவ்வகவைக்கும் இடைவெளி மிகுதியன்று.

கற்பவை கற்றபின்...

1. கார்த்திகை, உரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை ஆகியவற்றை இரவு வானில் கண்டு, அவற்றின் நிறத்தையும் ஒளியையும் ஒப்பிட்டு எழுதுக.
2. சந்திரசேகர் – எடிங்டன் கருத்து வேறுபாட்டை மையமாகக் கொண்டு, 'சான்றும் புகழும்' என்னும் தலைப்பில் வகுப்பில் உரையாற்றுக.
3. உங்கள் பகுதியில் செயல்படுத்தத் திட்டமிடப்படும் பெரும்பணி ஒன்றின் பயன்களையும் சூழல் விளைவுகளையும் திரட்டி, இருதரப்பு வாதங்களையும் பட்டியலிடுக.